குடாப்பு விளையாட்டு

அத்தியாயம் பதினாறு

பயம் வந்தால் ஆனந்தியின் நாக்கு நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். கீழ்வரிசையில் இடது பக்கம், பல் இல்லாத இடம். நான்கு மாதமாகியும் நாக்குக்கு அது பழகவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு வரும். மறுபடியும் போகும்.

அந்தப் பல்லை உடைத்த கை இப்போது வேன் ஜன்னல் வழியாகப் போளிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐசுக்குத் தேங்காப் போளி. தம்பிக்குப் பருப்புப் போளி. சூடா இருக்கு, ஊதித் தின்னணும், என்ன?"

சண்முகராஜின் குரல் மெதுவாக இருந்தது. நான்கு வயது ஐஸ்வர்யா சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டு வயது பாலகணேஷ் அம்மா மடியில் இருந்தபடியே கையை நீட்டினான்.

"அம்மாவுக்கு?" என்றாள் ஐசு.

"அம்மாவுக்கு என்ன வேணும்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

அவன் ஆனந்தியைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நாக்கு பல் இல்லாத இடத்துக்குப் போனது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற வீட்டுப் பையன், கரிசல் காட்டில் கிடை போடுகிற ஆட்டுக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டியது ஆறு வருஷத்துக்கு முன்னால். காலேஜ் பஸ்ஸில் தொடங்கிய பழக்கம். கை வைக்கத் தொடங்கியது ஐசு வயிற்றில் இருந்தபோது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் குக்கர் மூடியை எடுத்து வீசினான். பல் போனது அன்றைக்குத்தான். விடிந்ததும் இரண்டு பிள்ளைகளோடு கடம்பூர்ப் பக்கம் அண்ணன் இசக்கிபாண்டியின் வீட்டுக்கு அவள் வந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் அம்மன் கோயிலில் கூடியதும் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனி அவள் மேல் கை வைப்பதில்லை என்று சண்முகராஜ் சத்தியம் செய்தான். மாப்பிள்ளை மேல் கை ஓங்குவதில்லை என்று இசக்கிபாண்டியும் சூடம் அணைத்தான். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து எங்காவது போய்வரட்டும், சாயங்காலம் ஆனந்தி முடிவைச் சொல்லட்டும் என்று பேச்சு முடிந்தது. வருகிறேன் என்றால் கோவில்பட்டி. வரவில்லை என்றால் பிள்ளைகள் யாரிடம் என்ற பேச்சு கிளம்பும்.

இடத்தை அவள்தான் சொன்னாள். வெள்ளிப்பாறை மலை மிருகக்காட்சி சாலை. கூட்டம் இருக்கும். காவலுக்கு ஆள் இருக்கும். பிள்ளைகளும் புலி பார்க்கும்.

இசக்கிபாண்டி ஆட்டுக் கம்போடு வேனில் ஏற வந்தான்.

"மச்சான், கம்பு எதுக்கு? அங்கன மிருகத்தப் பூராவும் கூண்டுக்குள்ளதான் வச்சிருக்காவ" என்றான் சண்முகராஜ்.

"எல்லாத்தையுமா மாப்ளே?"

டிரைவர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று கண்ணாடியைத் துடைத்தான். இசக்கிபாண்டி கம்பை சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். கம்பு இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சூடம் அணைச்சதப் பெருசா நெனச்சிராத" என்று அவள் காதில் முணுமுணுத்தான். "நெருப்பு வச்சே பொழைக்கிற குடும்பம். கை காச்சுப் போயிருக்கும்."

"சும்மா இருண்ணே."

முன் சீட்டில் மாமியார் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வயர்கூடை. அதில் தண்ணீர்ப் பாட்டில், ஈரத்துண்டு. ஈரத்துண்டு இல்லாமல் அவள் எங்கேயும் போவதில்லை.

கயத்தாறு தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. உழுது போட்ட கரிசலுக்கு மேலே, வெள்ளையாக, வரிசையாக. ஐசு ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"அது ஏன் கைய வீசுது? யார அடிக்குது?"

டிரைவர் கியரை மாற்றினான்.

"காத்த அடிக்குது கண்ணு" என்றாள் சங்கரம்மாள், திரும்பாமல்.

"காத்து என்ன சேட்ட பண்ணிச்சு?"

மலை ஏறத் தொடங்கி, இரண்டு வளைவு கழிந்ததும் பாலு வாந்தி எடுத்தான். தின்ற போளியெல்லாம் ஆனந்தியின் சேலையில். சங்கரம்மாள் சட்டென்று பின்னால் வந்து ஈரத்துண்டால் குழந்தையின் வாயைத் துடைத்தாள், மடியைத் துடைத்தாள், சீட்டைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

ஆனந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாந்தியால் அல்ல. அந்த வார்த்தையால். அந்த வீட்டில் ஒவ்வொரு அடிக்கும் பிறகு இதே துண்டு வரும். அவள் உதட்டைத் துடைக்கும், சுவரைத் துடைக்கும், தரையைத் துடைக்கும். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பல் உடைந்த அன்றைக்கு அந்தப் பல்லையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் சங்கரம்மாள். மறுநாள் காலையில் தேடியபோது தரையில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

மலைமேல் குளிர்ந்த காற்று. டிக்கெட் வாங்குகிற இடத்திலேயே பாலு விழித்துக்கொண்டான். சண்முகராஜ் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். ஐசு அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் போட்டோ எடுக்கலாம்போல இருந்தது.

ஐசுவுக்கு இரண்டு அப்பா. மெதுவாகப் பேசுகிற அப்பாவை அவளுக்கு உயிர். கத்துகிற அப்பா வேறு ஆள். இருவரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள் என்பதுதான் அவளுடைய கஷ்டம்.

முதலில் குரங்குக் கூண்டு. உள்ளே பெரிய ஆண் குரங்கு ஒன்று, வாழைப்பழத் தோலுக்காக ஒரு பெண் குரங்கின் பிடரியைக் கவ்வி, இரும்புக் கம்பியில் மோதியது. அது கீச்சென்று கத்திக்கொண்டு மூலைக்கு ஓடியது. காதோரம் ரத்தம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் இன்னொரு தோலைப் போட்டார்.

"போதும், வா" என்று ஆனந்தி ஐசுவை இழுத்தாள்.

"அதுக்கு யாரும்மா தொடைச்சு விடுவா?"

சங்கரம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

புலி தூங்கிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. இதற்கா இவ்வளவு தூரம் என்று இசக்கிபாண்டி நொந்துகொண்டான். முதலைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. பாலு ஒவ்வொரு கூண்டுக்கும் "ம்பே" என்றான். அவனுக்குத் தெரிந்த மிருகம் ஆடு ஒன்றுதான்.

சாப்பாடு மரத்தடியில். ஆனந்தி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை சண்முகராஜ் இரண்டு தடவை வாங்கித் தின்றான்.

"ஐசு, மாமா வீட்ல என்னெல்லாம் வெளையாடுவ?"

"குடாப்பு வெளையாட்டு."

ஆனந்தியின் கை அப்படியே நின்றது.

"அதென்ன வெளையாட்டு?"

"நானும் தம்பியும் குடாப்புக்குள்ள போயிருவோம். நான் தம்பி வாயப் பொத்திக்கிடுவேன். சத்தமே வரக்கூடாது. அம்மா ஆட்டக் கூப்புடுத மாதிரி கூப்புட்டாத்தான் வரணும். வேற யாரு கூப்புட்டாலும் வரக்கூடாது. வந்தா அவுட்டு."

குடாப்பு என்பது ஆட்டுக்குட்டிகளின் மேல் கவிழ்த்து மூடிவைக்கிற பெரிய கூடை. தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகு குட்டிகள் நரிக்கும் நாய்க்கும் தப்பி அதற்குள் கிடக்கும்.

சண்முகராஜ் சிரித்தான். "தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி பேத்தி ஆட்டுக்கூடைக்குள்ள கெடக்கா. கேட்டியாம்மா?"

"வெளையாட்டுதானே" என்றாள் சங்கரம்மாள்.

அது விளையாட்டாகத் தொடங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், இசக்கிபாண்டி காட்டில் இருந்தபோது, சண்முகராஜ் குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கத்தினான். கதவை உதைத்தான். ஆனந்தி பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் குடாப்பைக் கவிழ்த்து மூடினாள். அம்மா கூப்பிடுகிறவரை மூச்சுவிடக் கூடாது என்றாள். அவன் போன பிறகு தூக்கிப் பார்த்தால், தம்பியின் வாயைப் பொத்திய கையை ஐசு எடுக்கவே இல்லை. உடம்பெல்லாம் நடுக்கம். அதைப் போக்கத்தான் மறுநாள் விளையாட்டாக்கினாள். தினமும் விளையாடினார்கள். ஐசு ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

டிரைவர் டிபன் கேரியரை எடுக்க வந்தான்.

"அண்ணாச்சி, கீழ எறங்குனதும் கயத்தாறுல டீசல் போட்டுருதேன். அப்புறம் எங்கயும் நிக்காம நேரா கோவில்பட்டின்னுதான சொன்னீய?"

சண்முகராஜ் அவனை முறைத்தான். டிரைவர் கேரியரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

ஆனந்தி அண்ணனைத் தேடிப் பார்த்தாள். இசக்கிபாண்டி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். ஐசு சிறுத்தை பார்க்க வேண்டும் என்றாள். சங்கரம்மாள் கால்வலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறுத்தைக் கூண்டு ஒரு சரிவில் இருந்தது. ஆட்கள் நிற்க இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தடுப்பு. அதைத் தாண்டி ஆள் நீளத்துக்குக் காலி இடம். அப்புறம்தான் கூண்டின் கம்பிவலை. உள்ளே சிறுத்தை இங்கும் அங்குமாக நடந்துகொண்டே இருந்தது. ஒரே தடம். திரும்புகிற இடத்தில் மண் குழிந்திருந்தது.

பாலு கையில் மிச்சமிருந்த போளியை ஐசு வாங்கிப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.

"வண்டியக் கடம்பூர்ல நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் ஆனந்தி.

"எதுக்கு?"

"சாயங்காலம் நான் சொல்லுவேன்னுதான் பேச்சு. நீங்க காலையிலயே முடிவு பண்ணிட்டீங்க."

"எம் பொண்டாட்டி எம் வீட்டுக்கு வாரதுக்கு ஊரக் கேக்கணுமா?"

"மெதுவாப் பேசுங்க. பிள்ளையள் நிக்கி."

"என்னட்டி மெதுவா?" குரல் ஏறியது. "நானும் காலையிலேருந்து ஒன் பின்னாடி நாயா அலையுதேன். போளி வாங்கிக் குடுத்து, சிரிச்சு, ஒன் அண்ணன் ஆட்டுக்காரப் பய நக்கலக் கேட்டுக்கிட்டு..."

"நான் வரலன்னு இன்னும் சொல்லல. கடம்பூர்ல நிறுத்துங்கன்னுதான்..."

அடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புறங்கை. காதில் விசில் சத்தம் கேட்டது. தடுப்பைப் பிடித்தாள். அவன் கொண்டையைப் பிடித்து இழுத்து, தலையை அந்த இரும்பிலேயே மோதினான். ஒரு தடவை. இரண்டாவது தடவை அவள் கையைக் குறுக்கே வைத்தாள். விரல் நசுங்கியது.

"ஆட்டுக்காரச் சிறுக்கி! சூடம் அணைச்சேன்ல ஒனக்காக! ஊரு முன்னால! கை வெந்து போச்சுட்டி!"

வெந்த கையாலேயே அடித்தான். கூட்டம் கூடியது. யாரோ "ஏய், ஏய்" என்றார்கள். மற்றவர்கள் போனை எடுத்தார்கள். கூண்டுக்குள் சிறுத்தை நடப்பதை நிறுத்தியிருந்தது.

ஒரு ஆள் பின்னாலிருந்து வந்து சண்முகராஜைப் பிடித்து இழுத்தான். தண்ணீர்ப் பாட்டில் உருண்டது. இசக்கிபாண்டி. அவன் கை ஓங்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான்.

ஆனந்தி கண்ணில் வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

பிள்ளைகள் இல்லை.

"ஐசு?"

தடுப்போரமாக, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, மரத்துக்குப் பின்னால். இல்லை.

"ஐசூ!" சண்முகராஜ் இசக்கிபாண்டியை உதறிவிட்டுக் கத்தினான். "ஏட்டி ஐசூ! பாலூ! எங்கட்டி போய்த் தொலைஞ்ச?"

மலைச்சரிவில் அந்தக் குரல் மோதித் திரும்பியது. கூட்டமும் சேர்ந்து கத்தியது. மிருகக்காட்சி சாலைக் காவலாளி ராஜமணி விசிலோடு ஓடி வந்தார். கிழக்கே ஓடியதைப் பார்த்தேன் என்றார் ஒருவர். முதலைக் குளத்துப் பக்கம் என்றார் இன்னொருவர். சண்முகராஜ் மறுபடியும் கத்தினான். மறுபடியும்.

ஆனந்திக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் குரல் கேட்கிறவரை ஐசு வரமாட்டாள். இன்னும் உள்ளே போவாள். கையை இன்னும் இறுக்குவாள்.

"கத்தாதீங்க" என்றாள்.

"பிள்ளையத் தொலைச்சிட்டு என்னையவா..."

"கத்தாதீங்க! நீங்க கத்துனா அவ வரமாட்டா!"

கூட்டம் அடங்கியது. எல்லாப் போனும் அவளைப் பார்த்தன. சொல்லாமல் முடியாது. சொன்னால் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"ஒங்க சத்தம் கேட்டா ஒளியணும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள். "நீங்க குடிச்சிட்டு வந்து கதவ ஒதைச்சப்ப, குடாப்புக்குள்ள வச்சு மூடுனேன். வெளையாட்டுன்னு சொன்னேன். நான் கூப்புடாம அவ வரமாட்டா. தம்பி வாயப் பொத்திக்கிட்டு எங்கனயோ கெடக்கா."

சண்முகராஜின் முகத்தில் என்னவோ நகர்ந்தது. சின்னதாக ஆனது போல இருந்தது. அப்புறம் பழைய முகம் வந்துவிட்டது.

ஆனந்தி கூட்டத்தைப் பார்க்கவில்லை. தாழ்வான இடம், இருட்டான இடம், சின்ன வாய் உள்ள இடம். கண் தேடியது. அப்போதுதான் சிறுத்தையைப் பார்த்தாள்.

அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முன்கால்கள் மடங்கி, வால்நுனி மட்டும் துடித்துக்கொண்டு. கம்பிவலையின் அடியில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள்.

தடுப்புக்கும் வலைக்கும் நடுவே கழிவுநீர் ஓடுகிற வாய்க்கால். அதன் மேல் ஒரு இடத்தில் கல்பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைக்கு அடியில் குடாப்பு மாதிரி ஒரு பொந்து. பொந்தின் இந்த முனையில் ஒரு சின்ன சிவப்புச் செருப்பு. அந்த முனையில், கூண்டுத் தண்ணீர் வெளியேற விட்டிருந்த இடைவெளி. ஒரு கை நுழைகிற அளவு.

சிறுத்தை அந்த இடைவெளிக்குள் காலை விட்டது. மெதுவாகத் துழாவியது. எடுத்தது. மோந்து பார்த்தது. மறுபடியும் விட்டது.

"யாரும் அசையாதீங்க" என்றார் ராஜமணி. "நான் அந்தப் பக்கம் போயி வாளியத் தட்டுதேன். சாப்பாட்டு வாளிச் சத்தம் அதுக்குத் தெரியும். அது எந்திரிச்சு அங்கன வந்ததும் பிள்ளையள எடுத்துருங்கம்மா. சத்தம் மட்டும் கூடாது. சத்தம் கேட்டா திரும்பிரும்."

அவர் குனிந்து ஓடினார். ஆனந்தி தடுப்புக்கு அடியில் புகுந்து, மண்ணில் படுத்தாள். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணிமையில் தேங்கியது. துடைக்கவில்லை.

கூண்டின் மறுபக்கம் இரும்பு வாளியின் சத்தம். டங். டங். டங். சிறுத்தையின் காது திரும்பியது. அது எழுந்தது. ஒரு தடவை பொந்தைப் பார்த்தது. அப்புறம் வாளிச் சத்தத்தை நோக்கி நடந்தது.

ஆனந்தி நாக்கை அண்ணத்தில் மடக்கி, அந்தச் சத்தத்தை எழுப்பினாள். மேய்ச்சலிலிருந்து தாய் ஆடுகள் திரும்பும்போது, குடாப்பைத் தூக்கிக் குட்டிகளைக் கூப்பிட ஆட்டுக்காரர்கள் எழுப்புகிற சத்தம்.

"ட்ர்ர்ர்... ப்பே, ப்பே... ட்ர்ர்ர்..."

பல் இல்லாத இடத்தில் காற்று கொஞ்சம் தப்பியது.

பொந்துக்குள் ஏதோ அசைந்தது. பருப்புப் போளி ஒட்டிய ஒரு சின்னக் கை வெளியே வந்தது. பாலுவின் கை. அவனுக்குப் பின்னால் ஐசுவின் முகம். கண் முழுக்க வெள்ளை.

"அம்மா, நான் அவுட்டு இல்லல்ல?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல கண்ணு. ஜெயிச்சிட்ட. வா. தம்பிய முன்னால தள்ளு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் இசக்கிபாண்டி மாப்பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். சண்முகராஜ் அந்தக் கையைக் கடித்தான். சதையோடு கடித்தான். இசக்கிபாண்டி முனகியபடி கையை இழுத்துக்கொண்டான்.

"ஏட்டி! வெளிய வாட்டி!" சண்முகராஜ் தடுப்பைத் தாண்டிக் குதித்தான். "எம் பிள்ளைய நான் எடுப்பேன்!"

ஐசு அந்தக் குரலைக் கேட்டதும் தம்பியை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வாளிச் சத்தம் வேகமாகக் கேட்டது. பயனில்லை. சிறுத்தை திரும்பிவிட்டது. நடக்கவில்லை, பாய்ந்தது. அதன் உடம்பு மோதி வலை முழுவதும் அதிர்ந்தது. சண்முகராஜ் பொந்துக்குள் கையை விட்டு, பாலுவின் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே எறிந்தான். குழந்தை ஆனந்தியின் மேல் வந்து விழுந்தான். மறுபடியும் கையை விட்டு ஐசுவின் தோளைப் பற்றினான். அதே நேரம் அந்த இடைவெளி வழியாகச் சிறுத்தையின் கால் வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பு.

அவன் அலறினான். ஆனால் பிடியை விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐசுவை வெளியே இழுத்துப் போட்டபிறகுதான் விட்டான்.

தடுப்பைத் தாண்டி எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பாலு பெரிதாக அழுதான். ஐசு அழவில்லை. அவள் ஆடையில் வாய்க்கால் சேறு. அப்பாவின் கையிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கரம்மாள் வயர்கூடையோடு பெஞ்சிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, வலிக்கா?" என்றாள் ஐசு.

அவன் அந்தக் கையாலேயே அவளை அறைந்தான்.

"அப்பன் கூப்பிட்டா ஒளிவியா? ஒளிவியாட்டி?"

நான்கு வயதுக் கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. அவனுடைய ரத்தம்.

இசக்கிபாண்டியின் கை எழுந்தது. பாதியில் நின்றது. சூடம் அணைத்த கை.

சத்தியம் செய்தவர்கள் இரண்டு பேர். ஆனந்தி யாருக்கும் சூடம் அணைக்கவில்லை. பாலுவை அண்ணனிடம் கொடுத்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற ராஜமணியின் கையிலிருந்து வாளியை வாங்கினாள். வாளி காலியாக இருந்தது. அப்படியும் கனத்தது. இரண்டு கையாலும் பிடித்து வீசினாள். தோளில் பட்டது. அவன் மண்டி போட்டு விழுந்தான். மறுபடியும் ஓங்கினாள்.

ஓங்கிய இடத்திலிருந்து ஐசு தெரிந்தாள். அவள் இசக்கிபாண்டியின் இடுப்பிலிருந்த தம்பியின் காலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். மறுகை அவன் வாயை எட்டப் பார்த்தது. கண்கள் தரையோரமாகத் தேடின. தாழ்வான இடம், இருட்டான இடம்.

வாளி கீழே விழுந்தது.

ஆனந்தி உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது. "ட்ர்ர்ர்... ப்பே." ஐசு நெடுநேரம் யோசித்தாள். பிறகு வந்து மடியில் ஏறினாள்.

"சாயங்காலம் வரைக்கும் எதுக்கு?" என்றாள் ஆனந்தி, யாரையும் பார்க்காமல். "இப்பமே சொல்லுதேன். நான் வரல."

சண்முகராஜ் மண்ணில் இருந்தபடியே சிரித்தான். உதடு வெளுத்திருந்தது.

"வராத. பிள்ளையள் வரும். பிள்ளையள ஒளிய வச்சுப் பழக்குனதே நீதான்னு ஒன் வாயால சொல்லிருக்க. எத்தன போன்ல இருக்கு தெரியுமா? என் கைய சிறுத்த கிழிச்சிருக்கு, ஒன் பிள்ளையளக் காப்பாத்தப் போயி. நீ வாளியால அடிச்சதும் இருக்கு. எந்தக் கோர்ட்டு ஒங்கிட்ட பிள்ளையக் குடுக்கும்?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு" என்றார் ராஜமணி. "ஆளு அடிபட்டா சொல்லியாகணும். ஜீப் ஏறிட்டிருக்கு."

கீழே வளைவில் ஹாரன் கேட்டது. சண்முகராஜ் ஐசுவின் கன்னத்தைப் பார்த்தான். அவன் அறைந்த நேரம் போன் வைத்திருந்தவர்கள் சிறுத்தையைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மா" என்றான். குரல் மெதுவாகிவிட்டது. போளி நீட்டிய குரல். "பிள்ள மூஞ்சியத் தொடச்சு விடும்மா."

சங்கரம்மாள் ஈரத்துண்டை எடுத்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்துப் பிழிந்தாள். ஆனந்தி மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இனி ஒன்றும் மிச்சமிருக்காது. சுவரில் இருந்ததில்லை, தரையில் இருந்ததில்லை.

துண்டு ஐசுவின் முகத்தருகே வந்தது. சங்கரம்மாளின் கை அங்கேயே நின்றது. அவள் அந்த ஐந்து விரல் தடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இவனும் இப்படித்தான்" என்றாள், ஆனந்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இவுக அப்பா செருப்புச் சத்தம் கேட்டா தீக்குச்சி மூட்டைக்குப் பின்னால போயிருவான். நான் கூப்புட்டாத்தான் வருவான்."

அப்புறம் எழுந்து மகனிடம் போனாள். ஈரத்துண்டை அவனுடைய கிழிந்த கையில் சுற்றி, பல்லால் நுனியைக் கடித்து இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அங்க இல்லம்மா. பிள்ள கன்னம்..."

"துண்டு ஒண்ணுதான் இருக்கு" என்றாள் சங்கரம்மாள்.

ஜீப் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஐசுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

"போலீஸ் பாக்குற வரைக்கும் பிள்ள கன்னத்த யாரும் தொடாதீய."